பாறசாலை அறையும் நான்கு பதிவுப் பெட்டிகளும்

ஓய்வு பெற்றவள் பழைய அலுவலகத்துக்குப் போனால் ஒரு மரியாதைக்கு உட்கார வைத்து டீ வாங்கித் தருவார்கள். போன மாதம் நான் போனபோது டீயோடு சேர்த்து ஒரு புதிய திரையையும் காட்டினார்கள். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த அந்தக் காவல் நிறுவனம் பார்த்துக்கொள்கிற கடைகள், கிடங்குகள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் ஓடுகிற பதிவு சர்வர்கள் அதில் பச்சைப் புள்ளிகளாக நின்றன. ஒன்று நின்றுபோனால் புள்ளி சிவப்பாகிவிடுமாம். இங்கிருந்தே அதைத் திரும்ப ஓட வைக்கலாமாம்.

"அக்கா, நீங்க மொதல்ல வேலை பாத்த எடத்துல மொத்தமே நாலு சர்வர்தானா? அதுக்கு ஒரு தனி அறையும் ரெண்டு ஆளும் வேணுமா இருந்தது?" என்று கேட்டான் அனீஷ். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன். நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"நாலுதான். அந்த நாலும் எனக்க உறக்கத்தைக் கெடுத்தது மாதிரி இத்தனையும் சேர்ந்து உனக்க உறக்கத்தைக் கெடுக்காது" என்றேன்.

சிரித்துவிட்டு அவன் இன்னொன்று கேட்டான். "பூஜை வைக்கதுக்கு முந்தின நாள் எல்லா எடத்துக்கும் போன் போட்டுப் பேசணும்னு ஒரு விதி உண்டும். நீங்க எழுதி வச்சதுன்னு சொல்லுவினும். எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. எடுத்துப் போடலாமான்னு மேல கேக்கினும்."

எடுத்துப் போடுவதும் வைத்துக்கொள்வதும் அவர்கள் பாடு. ஆனால் அது எதற்காக வந்தது என்று சொல்லக்கூடியவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாறசாலையில் ஒரு முந்திரிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊர் குன்னத்துகால். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றைப் படித்து முடித்துவிட்டு, டியூஷன் எடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். காமிரா பார்க்கப் பெண்பிள்ளைதான் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. காரணம் உண்டு. பாக்டரியில் பருப்பு உடைப்பதும் தோல் உரிப்பதும் முழுக்கப் பெண்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது வாசலில் அவர்களை நிறுத்தி மடியையும் முந்தானையையும் தடவிப் பார்த்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. காமிரா வைத்தால் அந்தத் தடவலை நிறுத்திவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தவர், அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த பரமேஸ்வரன் சார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சார் விமானப்படையில் ராடார் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நெய்யாற்றின்கரைக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்த கைக்குட்டை. உட்காருவதற்கு முன்னால் அந்தக் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைப்பார், நாற்காலியைத் துடைக்க மாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஸ்டெல்லா, தயவுசெய்து" என்று ஆரம்பித்தார் என்றால் என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

கம்பெனிக்கு நான்கு இடங்கள். பாறசாலையில் தலைமை அலுவலகம், குன்னத்துகாலிலும் வெள்ளறடையிலும் பாக்டரிகள், பூவாரில் ஒரு கிடங்கு. முதலில் ஒவ்வொரு இடத்திலும் கேசட்டில் பதிவு செய்தார்கள். கேசட்டுகளை பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நான் அதையெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டை இங்கே பாட வேண்டாம். நான் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே சார் கேசட்டை ஒழித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்ப்யூட்டரை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். காமிராக்கள் பார்ப்பதை எல்லாம் அது தன் டிஸ்கில் எழுதிக்கொள்ளும். இன்றைக்கு சர்வர் என்கிறார்களே, அதுதான். நாங்கள் பெட்டி என்று சொல்வோம்.

நான்கு பெட்டிகளையும் பாறசாலை அறையில் இருந்துகொண்டு ஒருத்தி ஆள வேண்டும் என்பது சாரின் திட்டம். அதற்கு இருந்த ஒரே வழி டெலிபோன் கம்பி. அதிலும் ஒவ்வொரு பாக்டரிக்கும் ஒரே ஒரு லைன்தான். பெட்டி பேசும்போது மனுஷர் பேச முடியாது. அதனால் காலையில் முதலில் போன் போட்டு அங்குள்ள ஆளிடம் "லைனை விடுங்க" என்று சொல்ல வேண்டும். அடுத்த மணி அடிக்கும்போது அவர்கள் எடுக்காமல் இருந்தால் பெட்டி எடுக்கும். கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு என் திரையில் படம் வரும். படம் என்றால் ஓடுகிற படம் இல்லை. ஒரே ஒரு நிழற்படம், கறுப்பு வெள்ளையில், மேலே இருந்து கீழே வரி வரியாக இறங்கும். ஒரு ஆளின் தலை வந்து கால் வருவதற்குள் நான் ஒரு வாய் டீ குடித்துவிடுவேன்.

அப்படி இணைந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று சார் சொல்லித் தந்தார். ஓடுகிறதா? எழுதுகிறதா? திரும்பக் கிடைக்கிறதா? படத்துக்குப் படம் மூலையில் நேரம் நகர்ந்தால் ஓடுகிறது. டிஸ்கில் காலி இடம் நேற்றைவிடக் குறைந்திருந்தால் எழுதுகிறது. மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. நேற்றைய நாளில் மனம் போன ஒரு நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துப் படத்தைக் கொண்டு வா என்று பெட்டியைக் கேட்க வேண்டும். கொண்டுவந்தால்தான் அது பெட்டி. இல்லாவிட்டால் சூடாகிற வெறும் இரும்பு.

பூவாரில் ஒரு தடவை ஓடியது, எழுதியது, திரும்பவும் கிடைத்தது. ஆனால் கிடைத்ததெல்லாம் வெள்ளை. காவல்காரரைக் கேட்டால், "இங்க எப்பவும் மஞ்சாக்கும் மேடம். ஆறும் கடலும் சேருத எடமில்லியா" என்றார். நானும் மூடுபனி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "உச்சை வெயிலுக்கும் மஞ்சு உண்டுமா ஸ்டெல்லா?" என்று கேட்டார். அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். காமிராவை மூடிய கண்ணாடியின் உட்பக்கம் உப்பு படிந்து தடித்திருந்தது. காவல்காரர் பாவம், தினமும் வெளிப்பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். சார் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உள்ளே துடைக்கணும்னு நம்ம விதியில இல்ல. அவருக்கு மறதி இல்ல, விதிக்குத்தான் மறதி" என்று சொல்லி அன்றே ஒரு வரி சேர்த்தார். ஆள் தப்புச் செய்தால் விதியைத் திருத்துவது அவர் வழக்கம். ஆளைத் திருத்தலாமே என்று நான் நினைத்த நாட்கள் உண்டு, பொய் சொல்வானேன்.

அவர் வைத்த விதிகளில் விசித்திரமானது ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு காமிரா அந்தப் பெட்டி இருக்கிற அறையையே பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டியைத் தொடுகிற கையைப் பெட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பார். தினமும் காலையில் எனக்கு முதலில் வருவது அந்த அறையின் படம்தான்.

அப்படித்தான் வெள்ளறடையில் இருந்த தங்கமணி அக்காவை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் முந்திரி உடைத்தவள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்து, இனி உடைக்க முடியாது என்றான பிறகு பெட்டி அறைக்கு அவளை மாற்றியிருந்தார்கள். லென்ஸ் துடைப்பது, பெட்டி கத்தினால் எனக்குச் சொல்வது, டிஸ்க் நிறைந்தால் கழற்றி பஸ்ஸில் அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. காலையில் லைனை விடச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே விட மாட்டாள். "இரி மக்கா, தின்னியா? என்ன கறி?" என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவாள். அப்புறம் அவள் படம் இறங்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில், தோளைக் குறுக்கிக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். மாதக்கணக்கில் தினமும் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

பெட்டிகள் வந்த பிறகு முதல் பூஜை வைப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் துர்க்காஷ்டமி சாயங்காலம் அவரவர் தொழில் ஆயுதத்தைக் கழுவிச் சந்தனம் வைத்து சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது. பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாது, தச்சர் உளியைத் தொட மாட்டார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள். அந்த நாட்களில் அறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் முதலாளி வந்து, "நீயும் வீட்டுக்குப் போ பிள்ளே. இங்க நான் பூஜை வைக்கணும். எடுத்த பொறவு வந்தா போதும்" என்றார். முதலாளி சொன்னால் போக வேண்டியதுதானே. போனேன்.

விஜயதசமி அன்று காலையில் வந்து பார்த்தால் என் கீபோர்டில் குங்குமம். துடைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே வெள்ளறடை மானேஜர் போன் செய்துவிட்டார். பேக்கிங் அறையில் இருந்து முதல் தரப் பருப்பு டின்கள் காணாமல் போயிருந்தன. அதைவிடப் பெரிய செய்தி, பெட்டியில் அஷ்டமி சாயங்காலத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தங்கமணி அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் கோபம் வந்தால் அவருக்குக் கண் தெரியாது. ஜீப் அனுப்பி மானேஜரையும் தங்கமணியையும் கூட்டிவரச் சொன்னார்.

அவள் வந்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வாசலுக்குப் போய், "அக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே தலை தூக்கினாள்.

"ஸ்டெல்லாவா? நீ இத்தற சின்னப் பிள்ளையா?" என்றாள். மடியில் இருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பூஜையில் வைத்த அவலும் சர்க்கரையும். திருட்டுப் பழியோடு ஜீப்பில் ஏற்றி வரும்போதும் அதை எனக்காக எடுத்து வந்திருக்கிறாள்.

"பெட்டியை எதுக்கு அக்கா நிறுத்தினிய?"

"நிறுத்தல்ல மக்கா. பூஜைக்கு வச்சேன்." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவளுவ சுத்தியலை வச்சாளுவ, தராசை வச்சாளுவ. எனக்க ஆயுதம் அதாக்கும். மத்ததுக்கெல்லாம் ஓய்வு குடுத்துட்டு அதை மட்டும் ஓட விட மனசு கேக்கல்ல. வருஷம் முழுக்க கண்ணு மூடாம பாத்துட்டு இருக்கியதில்லியா?"

முதலாளி உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். "பூஜையாம். ரெண்டு நாள் கண்ணைக் கெட்டிட்டு டின்னை எடுத்து வெளிய விட்டிருக்கினும். போலீசு உச்சைக்கு வரும். இவளுக்க பேரைத்தான் எழுதிக் குடுக்கப் போறேன். அங்க வச்சுச் சொல்லட்டு பூஜைக் கதையை."

தங்கமணி எழுந்து நின்றாள். அழவில்லை. "மொதலாளி, எனக்க மடியை எத்தற வருஷம் தடவிப் பாத்திருக்கினும். ஒரு பருப்பு கிட்டியிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

சார் அப்போதுதான் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஸ்டெல்லா, தயவுசெய்து வெள்ளறடைப் பெட்டி நிக்கதுக்கு முந்தின கடைசிப் படத்தை எடு" என்றார். யார் மேல் கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

கம்பி இணைந்தது. படம் வரி வரியாக இறங்கியது. பெட்டியின் மேல் செம்பருத்திப் பூ. அதற்கு முன்னால் குனிந்த தங்கமணி. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கை சுவிட்சின் மேல். கறுத்த விரலின் நுனியில் சந்தனம் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பெட்டியில் இருந்தது அன்றைய காலைப் படங்கள்தான். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பின்ன என்ன வேணும்? அவளுக்க கைதானே?" என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பாற்றும் என்று நினைத்துக் கேட்ட படம் அவளையே பிடித்துக் கொடுத்துவிட்டது.

சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலையில் செய்ய வேண்டிய வேலை செய்யாமல் கிடந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் குன்னத்துகாலைக் கூப்பிட்டு லைனை விடச் சொன்னேன். ஓடுகிறதா? ஓடியது. எழுதுகிறதா? எழுதியது. திரும்பக் கிடைக்கிறதா? நேற்று மத்தியானத்துப் படத்தைக் கேட்டேன். இல்லை என்றது. நேற்றுக் காலை? இல்லை. நேற்று என்று ஒரு நாளே குன்னத்துகாலில் இல்லை.

"சார்" என்றேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுக்கவே இல்லை. "கடைசிப் படம்" என்றார்.

குன்னத்துகாலின் கடைசிப் படம் இறங்கியது. அங்கே பெட்டிக்குப் பொறுப்பு செல்வராஜ், என்னைப் போல வேதக்காரன். அவன் மூலையில் கைகட்டி மரியாதையாக நின்றுகொண்டிருந்தான். பாக்டரிப் பெண்கள் நாலைந்து பேர் பெட்டியைச் சுற்றி நின்று சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கை சுவிட்சில் இருந்தது.

அடுத்தது பூவார். மழை பெய்திருந்ததால் கம்பியில் ஒரே இரைச்சல். பாதிப் படம் வந்து அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், திரும்பவும் அறுந்தது. வெளியே ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பூவார் காவல்காரரிடம், "அண்ணே, கம்பி விழுந்து கிடந்தா ஒண்ணு தூக்கிப் பிடிங்க, உங்களுக்குப் புண்ணியம்" என்று கெஞ்சினேன். தூக்கிப் பிடித்தாரோ என்னவோ, படம் முழுசாக வந்தது. அதில் அவரேதான் இருந்தார். சட்டையில்லாமல், குளித்த ஈரத்தோடு, நெற்றி நிறையத் திருநீறு. பெட்டிக்கு மாலை போட்டிருந்தார். ஒரு கையில் கற்பூரத் தட்டு, இன்னொரு கை சுவிட்சில்.

மிச்சம் இருந்தது எங்கள் பாறசாலைப் பெட்டி. அதற்கு டெலிபோன் வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அதைக் கேட்கத்தான் எனக்குக் கை வரவில்லை. அஷ்டமி சாயங்காலம் அந்த அறையில் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். முதலாளியின் கையை முதலாளிக்கே காட்டிவிட்டு வேலையில் இருக்க முடியுமா? வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருந்தவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

சாருக்கு என் தயக்கம் தெரிந்தது. "ஆரு எடுக்கச் சொன்னதுன்னு கேட்டா எனக்க பேரைச் சொல்லு" என்றார். தயவுசெய்து என்று சேர்க்கவில்லை.

எடுத்தேன். நான்கு படங்களையும் ஒரே திரையில் நான்கு கட்டமாக வைத்தேன். சார் போய் முதலாளியைக் கூட்டி வந்தார். தங்கமணியையும் உள்ளே வரச் சொன்னார். அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

முதலாளி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். மேலே இடது கட்டத்தில் தங்கமணி. பக்கத்தில் குன்னத்துகால். "இந்த மூலையில நிக்கியது ஆரு?" என்று கேட்டார். செல்வராஜ் என்றேன். "அவன் வேதக்காரனில்லியா" என்று முனகினார். கீழே பூவார். கடைசிக் கட்டத்துக்கு அவர் கண் வந்தபோது நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு ஏதோ மந்திரத்தில் பாதி திறந்திருந்தது. விரலில் சந்தனம், அதே கையில் பெரிய மோதிரம். அந்த மோதிரக் கை சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தது.

முதலாளி வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"நான் வச்சது பூஜையில்லியா" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"நாலு எடத்துலயும் பூஜைதான் மொதலாளி" என்றார் சார். "பெட்டியைப் பத்தி இத்தனை விதி எழுதினேன். பூஜை வைக்கதைப் பத்தி ஒரு வரி எழுதல்ல. எனக்க வீட்டுல நானே ரேடியோவைச் சந்தனம் தொட்டு வச்சிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போனேன். இது எனக்குத் தோணியிருக்கணும். பேர் எழுதிக் குடுக்கணும்னா எனக்க பேரை எழுதுங்க."

முதலாளி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். தங்கமணி அவரைப் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்து முதலாளிகளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "இவளுக்கு டீ வாங்கிக் குடு பிள்ளே" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

போலீஸ் வந்தது. முதலாளி டின்கள் போனதைச் சொன்னார், யார் பேரையும் சொல்லவில்லை. வெள்ளறடைக்குப் போய்ப் பார்த்தபோது பேக்கிங் அறையின் பின்பக்கம் ஓடு பிரித்து வைத்திருந்தது. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பூஜை நாளில் பெட்டிகள் உறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எங்களைத் தவிர.

விதி எழுதப்பட்டது. பூஜைக்கு கீபோர்டும் மவுசும் வைத்தால் போதும், பெட்டி ஓட வேண்டும். முந்தின நாள் பாறசாலையில் இருந்து ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து, அங்குள்ளவர்களிடம் இதைப் பேசிச் சொல்ல வேண்டும். முதலாளி அதில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சந்தனம் வைக்கலாம், காமிராவின் கண்ணில் வைக்கப்படாது. எத்தனையோ கம்பெனி மாறியும் நான் கையோடு கொண்டுபோன விதி அதுதான் அனீஷ். உங்கள் திரையில் புள்ளி சிவப்பானால் பெட்டி நின்றது தெரியும். எந்தக் கை, எதற்காக நிறுத்தியது என்று அது சொல்லாது. அதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு ஜீப் திரும்புவதற்கு முன்னால், டீயைக் குடித்துவிட்டுத் தங்கமணி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்க அறையை இதுல காட்டு மக்கா" என்றாள். வெள்ளறடையைக் கூப்பிட்டேன். ஆளில்லாத ஸ்டூலும் பெட்டியும் இறங்கின. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்க இருந்துதான் நீ என்னைத் தெனமும் பாக்கியதா?"

"ஆமா அக்கா."

"நான் இருக்கியதையும் காட்டு."

பழைய நாள் ஒன்றைக் கேட்டு எடுத்தேன். குனிந்த தலையும் குறுக்கிய தோளுமாக அவள் வரி வரியாக இறங்கி வந்தாள். ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இப்பிடியா இருக்கேன்?" என்றாள். "வாசல்ல தடவுததுக்கு நின்னு நின்னு வந்ததாக்கும், இந்தக் குனிவு."

அவள் என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கூப்பிட்டேன். "தின்னியா மக்கா?" என்று கேட்டாள். அவல் தின்றேன் என்றேன். சிரித்துவிட்டு லைனை விட்டாள். பெட்டி எடுத்தது, கத்தியது, படம் இறங்கத் தொடங்கியது.

முதலில் தலை வந்தது, வழக்கத்தைவிட உயரத்தில். நெற்றியில் சந்தனம். பிறகு கண்கள் வந்தன, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. பிறகு தோள்கள் வந்தன. அவள் ஸ்டூலைக் காமிராவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.